இலையைத் திருப்பிப் பாருங்கள்

சென்ற இதழில், தண்ணீர்மலைப் பக்கம் காலை நடைக்குப் போனபோது பாறை இடுக்கில் கண்ட பெரணிகளைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். பூக்காமல், காய்க்காமல், விதையே இல்லாமல் இவை எப்படித் தலைமுறை தலைமுறையாகப் பெருகி வருகின்றன என்று யாராவது கேட்டால் சொல்கிறேன் என்று முடித்திருந்தேன். கேட்டுவிட்டீர்கள். மேசையில் ஒரு கட்டுக் கடிதம் கிடக்கிறது. முப்பது ஆண்டுகள் உயிரியல் கற்பித்தவள் நான். இந்தப் பாடத்துக்கு எப்போதும் நாள் போதாமல் போய்விடும். இந்த இதழ் முழுவதையும் இதற்கே கொடுத்துவிடுகிறேன்.

முதலில் சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மலாய்மொழியில் பெரணிக்கு 'பாக்கு' என்று பெயர். நமக்கோ பாக்கு என்றால் வெற்றிலையோடு மெல்லும் பாக்கு. பினாங்கு என்ற பெயரே அந்தப் பாக்கிலிருந்து வந்ததுதான். ஆகவே 'வீட்டு வாசலில் பாக்கு வளர்ந்திருக்கிறது' என்று நீங்கள் எழுதினால் நான் இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கிறது. இந்தப் பகுதியில் பெரணி என்றே சொல்வோம். இரண்டாவது, ஸ்போர். இதை 'வித்து' என்றும் தமிழில் எழுதுகிறார்கள். நம் வீடுகளில் வித்தும் விதையும் ஒன்றாகவே புழங்குவதால் நான் ஸ்போர் என்றே எழுதுகிறேன். விதைக்குள் ஒரு குட்டிச் செடியும் அதற்குக் கட்டுச்சோறும் இருக்கும். ஸ்போருக்குள் குட்டிச் செடி கிடையாது. அது கெட்டியான உறை போர்த்திய ஒரே ஓர் உயிரணு. தூசியைப் போலப் பறக்கும்.

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி: என் வீட்டில் ஆறு ஆண்டுகளாகப் பறவைக்கூட்டுப் பெரணி வளர்க்கிறேன். இப்போது இலைகளின் அடியில் சீப்புப் பல்லைப் போலப் பழுப்புக் கோடுகள் வந்திருக்கின்றன. பூச்சி என்று நினைத்துச் சவர்க்காரத் தண்ணீர் அடித்தேன், போகவில்லை. பிறகு கடையில் மருந்து வாங்கி அடித்தேன். அதற்கும் போகவில்லை. அந்த இலைகளை வெட்டிவிடலாமா?

வெட்டாதீர்கள் அம்மா. உங்கள் செடி நோயில் விழவில்லை, பிள்ளைப்பேற்றுக்குத் தயாராகியிருக்கிறது.

அந்தக் கோடுகள் ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான நுண்ணிய பைகளின் வரிசை. ஒவ்வொரு பைக்குள்ளும் பெரும்பாலும் 64 ஸ்போர்கள் இருக்கும். ஓர் இலையில் மட்டும் இலட்சக்கணக்கில் தேறும். பூச்சியா, ஸ்போர்ப் பையா என்று பிரித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. ஸ்போர்க் கோடுகள் இலையின் அடிப்பக்கத்தில், நரம்பையொட்டி, அளவெடுத்துப் போட்டாற்போல ஒரே சீராக இருக்கும். செதில் பூச்சி அப்படி வரிசை பார்த்து உட்காராது. மேலேயும் இருக்கும், கீழேயும் இருக்கும், தண்டிலும் இருக்கும். நகத்தால் சுரண்டினால் தனித்தனியாகப் பெயர்ந்து வரும். பெரும்பாலும் பிசுபிசுப்பும் எறும்பும் கூடவே இருக்கும்.

அந்தப் பைகள் வெடிக்கும் விதம்தான் இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம். பையின் முதுகில் முதுகெலும்பு போல ஒரு வரிசைத் தடித்த உயிரணுக்கள் இருக்கும். காற்று உலரும்போது அவற்றிலிருந்து நீர் ஆவியாகி, அந்த முதுகெலும்பு பின்பக்கமாக வில்லைப் போல வளைகிறது. பை கிழிந்து வாய் திறக்கிறது. உள்ளே எஞ்சிய நீர் அந்த இழுவையைத் தாங்க முடியாமல் சட்டென அறுந்து குமிழியாகிறது. அந்த நொடியில் வில் விடுபட்டு முன்னால் பாய்கிறது. ஸ்போர்கள் கவண்கல்லைப் போல வீசப்படுகின்றன. பள்ளியில் பழைய நுண்ணோக்கி ஒன்று வைத்திருந்தோம். அதன் விளக்குச் சூடே போதும். கண்ணாடித் துண்டில் பழுத்த கோட்டைச் சுரண்டிப் போட்டுவிட்டுக் காத்திருந்தால், ஒன்றன்பின் ஒன்றாகப் பைகள் துள்ளும். நான்காம் படிவத்தில் கடைசி வரிசையில் உட்காரும் பையன்கள்கூட அன்று முன்னால் வந்து தள்ளிக்கொண்டு நிற்பார்கள்.

சரி, அந்த ஸ்போர் விழுந்த இடத்தில் பறவைக்கூட்டுப் பெரணி முளைக்குமா? முளைக்காது. ஈரமான இடத்தில் அது முளைத்தால் வருவது வேறொரு செடி. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது, இதய வடிவம், கண்ணாடி போல மெல்லிய பச்சைத் தகடு. வேர் இல்லை, தண்டு இல்லை, மயிர் போன்ற சில இழைகளால் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். இதன் அடிப்பக்கத்தில்தான் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் உண்டாகின்றன. மழை பெய்து நீர் படர்ந்ததும் ஆண் உறுப்பிலிருந்து விந்தணுக்கள் வெளியே வந்து நீந்துகின்றன. ஆம், நீந்துகின்றன. சுருள் சுருளாக, உடலெங்கும் சாட்டை போன்ற இழைகளோடு. பெண் உறுப்பு தன் வாயைத் திறந்து புளிப்பான ஒரு பொருளைக் கசியவிட்டு அவற்றை வழிகாட்டி அழைக்கிறது. பச்சை ஆப்பிளில் புளிக்கிறதே, அந்த மாலிக் அமிலம் பெரணி விந்தணுக்களை ஈர்க்கும் என்று 1884-இல் கண்டு சொன்னவர் ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் ஃபெஃபர். நம் பினாங்குத் தாவரவியல் பூங்கா தொடங்கப்பட்டதும் அதே 1884-தான்.

கரு உண்டானபின் அந்த இதயத் தகட்டின் மேலேயே குட்டிப் பெரணி முளைத்து, சில நாட்கள் அதன் உணவை உண்டு, பிறகு தானே வேர்விடுகிறது. தகடு வாடி மறைகிறது. ஆகவே நீங்கள் ஆறு ஆண்டுகளாக வளர்ப்பது பெரணியின் பாதி வாழ்க்கையை. மறுபாதி எங்கோ ஓர் ஈரச் சுவரில், உங்கள் பூந்தொட்டியின் விளிம்பில், யாரும் பார்க்காமல் நடக்கிறது. இப்போது அடித்த மருந்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். இனி அடிக்க வேண்டாம்.

பாலிக் புலாவிலிருந்து ஒரு பழ வியாபாரி: வாழைப்பழத்தில் விதை இல்லை, விதையில்லாத் திராட்சையும் விற்கிறேன். இவையும் நீங்கள் சொல்லும் விதையில்லாத் தாவரங்கள்தானா?

இல்லை ஐயா. வாழைப்பூவை நாம் பொரியல் செய்து சாப்பிடுகிறோமே! பூ இருந்தால் அது விதைத் தாவரக் குடும்பம்தான். நம் மலேசியக் காடுகளில் இன்றும் காட்டு வாழை இருக்கிறது. பழத்தைப் பிளந்தால் கடிக்க முடியாத கறுத்த கொட்டைகள் நிறைந்திருக்கும். நீங்கள் விற்கும் பெராங்கான் வாழையின் ஒவ்வோர் உயிரணுவிலும் குரோமோசோம்கள் இரண்டு தொகுதிக்குப் பதிலாக மூன்று தொகுதி, அதாவது 33. மூன்றைச் சரிபாதியாகப் பிரிக்க முடியாது. அதனால் விதை உருவாவது தடைபடுகிறது. பக்கக்கன்று வைத்து நாம் பெருக்குகிறோம். வாழையடி வாழை என்று நம் முன்னோர் வாழ்த்தியது இதைப் பார்த்துத்தான்.

இதே கதை பெரணிகளிலும் ஒன்று உண்டு. குளத்தில் மிதக்கும் சால்வீனியா மொலெஸ்டா என்ற நீர்ப்பெரணிக்கு ஐந்து தொகுதிக் குரோமோசோம்கள். அதன் ஸ்போர்களுக்கு உயிர்ப்பில்லை. உடைந்த துண்டுகளாலேயே பெருகி, பிரேசிலிலிருந்து உலகெங்கும் போய்க் குளங்களை மூடிவிட்டது. ஆஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் 1980-இல் ஓர் அரிசி அளவுகூட இல்லாத கூன்வண்டுகளைக் கொண்டுபோய் விட்டார்கள். மறு ஆண்டே ஏரி தெளிந்தது. உங்கள் வீட்டு மீன்தொட்டியில் இது இருந்தால் தயவுசெய்து கால்வாயில் கொட்டாதீர்கள்.

கூலிமிலிருந்து, செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒருவர்: செம்பனையின் உடம்பெல்லாம் பெரணி மண்டிக் கிடக்கும். மரத்தின் சத்தை உறிஞ்சுகிறது என்று சொல்லி, எங்கள் காலத்தில் அரிவாளால் சீவித் தள்ளுவோம். அது உண்மையா?

உங்கள் கேள்வியைப் படித்ததும் என் அம்மாவின் கை நினைவுக்கு வந்தது. அவரும் தோட்டத்தில் வேலை பார்த்தவர். முதலில் பால்மரம், பிறகு செம்பனை. அவரும் அப்படித்தான் சொல்வார்.

உறிஞ்சுவதில்லை. செம்பனை ஓலையை வெட்டிய பிறகு மட்டையின் அடிப்பாகம் மரத்திலேயே தங்கிவிடுகிறது அல்லவா? அந்த இடுக்கில் சருகும் தூசியும் சேர்ந்து மக்கி, மழைநீர் தங்கி, ஒரு கைப்பிடி மண் உண்டாகிறது. ஸ்போர் அங்கே விழுந்து முளைக்கிறது. பெரணியின் வேர் அந்த மக்கில்தான் இருக்கும். மரத்தின் சாற்றுக் குழாய்க்குள் போகாது. உண்மையான உறிஞ்சிச் செடி வேறு. நம்மூர் மாமரங்களில் கொத்துக் கொத்தாக வந்து உட்காருமே புல்லுருவி, அதுதான் மரத்தின் உடலுக்குள் வேரை இறக்கும். பெரணியும் தொற்றிக்கொண்டு வளரும் ஆர்க்கிட்டும் மரத்தைத் திண்ணையாகத்தான் பயன்படுத்துகின்றன. குலை வெட்டுபவருக்குப் பார்வை மறைக்கிறது என்று சீவுவது வேறு காரணம், அதில் நியாயம் இருக்கிறது. சத்து போகிறது என்று சீவ வேண்டியதில்லை.

மலேசியாவில் வணிக முறையில் முதன்முதலில் செம்பனை நட்டது 1917-இல், சிலாங்கூரில் தென்னமரம் தோட்டத்தில். அந்தப் பெயரைக் கேட்டாலே நம் மக்களின் குரல் கேட்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம் அது. அதன் மட்டை இடுக்கில் குடியேறிய பெரணிகளில் பலவும் இந்த மண்ணுக்கே உரியவை. காட்டு மரங்களில் இருந்தவை, காடு போனபின் இருக்கிற மரத்தில் ஏறிக்கொண்டன.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு பெரணி நினைவிருக்கும். இலையின் அடிப்பக்கம் வெள்ளையாக இருக்கும். கையில் வைத்து அழுத்தி எடுத்தால் இலையின் உருவம் வெள்ளியில் வரைந்தாற்போல அப்படியே பதியும். வேலையாட்களைக் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் அப்பா பெயர் கொடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நாங்கள் இரண்டு கைகளிலும் பதித்துக்கொண்டு நிற்போம். அந்த வெள்ளைத் தூள் ஸ்போர் இல்லை. இலை சுரக்கும் ஒருவகை மெழுகு போன்ற பூச்சு. அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து இங்கே தங்கிவிட்ட செடிதான்.

ஜார்ஜ்டவுனிலிருந்து ஒரு வாசகர்: எங்களுடையது பழைய கடைவீடு. பின்சுவர் முழுவதும் பாசி. சுவர் இடிந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. எதை அடித்தால் சாகும்?

சுவரில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். உடைந்த தாழ்வாரக் குழாய், அறைக் குளிரூட்டியின் சொட்டு நீர், அடைத்துக்கொண்ட கால்வாய், மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். அதைச் சரிசெய்தால் பாசி தானே குறையும். சரிசெய்யாமல் எதை அடித்தாலும் இரண்டு மாதத்தில் திரும்பி வரும்.

வழவழவென்று வழுக்குவது வேறு, வெல்வெட் போல மெத்தென்று இருப்பது வேறு. முதலாவது நுண்பாசி. இரண்டாவது மாஸ் எனப்படும் நிலப்பாசி, உண்மையான செடி. இதற்கு வேர் கிடையாது. பிடித்துக்கொள்ள மெல்லிய இழைகள் மட்டும் உண்டு. அவை செங்கல்லைப் பிளக்கும் வலிமை உள்ளவை அல்ல. ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதுதான் அதன் மேல் சொல்லக்கூடிய குறை. உங்கள் சுவரை உண்மையில் பிளக்கக்கூடியது, அந்தப் பாசி மெத்தையில் காக்கையோ மைனாவோ எச்சமிட்டு முளைக்கும் அரசங்கன்றும் ஆலங்கன்றும். அதைக் கண்டால் ஒரு விரல் நீளம் இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள்.

பாசியைச் சுரண்டுமுன் ஒரு நாள் உருப்பெருக்காடி வைத்து அந்த மெத்தையைப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பச்சை மெத்தையின் மேல் மயிர் போன்ற காம்புகள் நிற்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சின்னக் குடுவை. பெரணியில் பெரியது ஸ்போர் தரும் செடி, கண்ணுக்குத் தெரியாத சிறியது இதயத் தகடு என்று மேலே சொன்னேன். மாஸில் இது தலைகீழ். நீங்கள் பார்க்கும் பச்சை மெத்தைதான் ஆண் பெண் உறுப்புகளைத் தாங்கும் செடி. காம்பும் குடுவையும் அதன் பிள்ளை. தாயின் தலையிலேயே வேரூன்றி நின்று, தாயிடமே உண்டு, ஸ்போரைத் தூவிவிட்டுக் காய்ந்து போகும் பிள்ளை. குடுவையின் வாயில் மூடியும், மூடிக்குக் கீழே பல வகைகளில் பல் வரிசையும் இருக்கும். காற்றின் ஈரத்துக்கு ஏற்ப அந்தப் பற்கள் வளைந்து நிமிர்ந்து, ஸ்போர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும்.

இங்கேயும் விந்தணு நீந்தித்தான் போக வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் மழை மட்டும் செய்வதில்லை. 2006-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள், மண்ணில் துள்ளும் மிக நுண்ணிய பூச்சிகளும் உண்ணி வகைகளும் மாஸின் விந்தணுக்களைச் சுமந்து செல்கின்றன என்று காட்டினார்கள். பூவுக்குத் தேனீ போல. பூவே தோன்றாத குடும்பத்திலும் இப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது என்று படித்த அன்று எனக்கு இரவு வெகுநேரம் உறக்கம் வரவில்லை.

ஒரு வருத்தத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் ஆய்வுக்கூடத்தின் பின்சுவர் எப்போதும் ஈரமாக இருக்கும். அதில் பெரணியின் இதயத் தகடுகள் நூற்றுக்கணக்கில் முளைத்திருந்தன. சிலவற்றில் முதல் குட்டி இலை எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. மறுநாள் மாணவர்களை அழைத்துப் போய்க் காட்டுவதாக இருந்தேன். காலையில் போய்ப் பார்த்தால் சுவர் முழுவதும் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். மேலதிகாரி ஒருவர் வருகிறார் என்று முதல்நாள் மாலையே செய்த வேலை. அந்த ஆண்டு மாணவர்கள் புத்தகத்தில் உள்ள படத்தைத்தான் பார்த்தார்கள். இத்தனை ஆண்டுகள் ஆகியும் அது ஆறவில்லை.

ரவாங்கிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் தாத்தா பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். நிலக்கரி என்பது ஆதிகாலப் பெரணிக் காடுதான் என்று படித்தேன். அப்படியானால் தாத்தா தோண்டியது பெரணியைத்தானா?

நல்ல கேள்வி. பதில் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தோண்டிய நிலக்கரியில் பெரும்பகுதி ஏறக்குறைய 36 கோடி முதல் 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சதுப்புக் காடுகளிலிருந்து வந்தது. அங்கே நின்றவை பெரும்பாலும் ஸ்போர் மரங்கள். லெபிடோடெண்ட்ரான் என்ற மரம் 30 மீட்டருக்கு மேல் வளர்ந்தது. பத்து மாடிக் கட்டடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் விதை கிடையாது. பத்து ஆராங் நிலக்கரி அவ்வளவு பழையது அன்று. அது மிகவும் பிந்திய காலத்தது. பூக்கும் மரங்கள் உலகை நிறைத்துவிட்ட பிறகு உண்டானது. 1960-இல் சுரங்கம் மூடப்படும் வரை உங்கள் தாத்தாவைப் போன்றவர்கள் வெட்டி எடுத்தது பெரும்பாலும் விதைத் தாவரங்களின் காட்டைத்தான்.

லெபிடோடெண்ட்ரானின் உறவினர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள், உருவம் சிறுத்து. காட்டு வழியோரத்தில் நிழலில் மயில் கழுத்தைப் போல நீலமாக மின்னும் ஒரு செடி உண்டு. செலாஜினெல்லா என்று பெயர். நீலம் என்று பறித்து நசுக்கினால் பச்சைச் சாறுதான் வரும். நீலச் சாயம் அதில் இல்லை. இலையின் மேல்தோலில் ஒளி பட்டுத் திரும்பும் விதத்தால் வரும் நிறம் அது. நுட்பமான இன்னொரு செய்தி: செலாஜினெல்லா இரண்டு அளவில் ஸ்போர் செய்கிறது. சிறியது ஆணாகிறது, பெரியது பெண்ணாகிறது. பெரியதற்குள் பிள்ளைக்கான உணவும் கட்டி வைத்திருக்கிறது. விதை என்ற ஏற்பாட்டுக்குப் போகும் பாதையில் இது ஒரு படி.

அடுத்த முறை பினாங்கு வந்தால் கொடிமலைக்கு ரயிலில் ஏறுங்கள். மேலே பாதையோர மண்சரிவில், இரண்டு விசிறிகளைச் சேர்த்து வைத்தாற்போல இலையுள்ள பெரணி ஒன்று இருக்கிறது. டிப்டெரிஸ். அதன் குடும்பத்துப் புதைபடிவங்கள் டைனோசர் காலத்திலேயே கிடைக்கின்றன. பழமையைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றால் அதைத் தொட்டுப் பாருங்கள். பறிக்க வேண்டாம்.

பிறையிலிருந்து ஒரு வாசகர்: என் மகனின் பழைய பாடநூலில் இவற்றைக் 'கீழ்நிலைத் தாவரங்கள்' என்று எழுதியிருக்கிறது. பரிணாமத்தில் பின்தங்கியவை என்று பொருள் கொள்ளலாமா?

கொள்ளக்கூடாது. அந்தச் சொல்லை என் வகுப்பில் நான் அனுமதித்ததே இல்லை. பூவாத் தாவரங்கள் என்று சொல்லுங்கள், விதையில்லாத் தாவரங்கள் என்று சொல்லுங்கள். கீழ்நிலை என்று சொல்ல நாம் யார்?

இன்றுள்ள பெரணிகளில் பெரும்பாலானவை, பூக்கும் மரங்கள் காட்டை எடுத்துக்கொண்டபின், அவற்றின் நிழலிலேயே பல்கிப் பிரிந்தவை. மங்கலான ஒளியில் வாழ அவற்றுக்கு உதவும் ஓர் ஒளியுணரி மரபணு, கொம்புப்பாசி எனப்படும் வேறொரு விதையில்லாத் தாவரத்திடமிருந்து கைமாறி வந்தது என்று 2014-இல் கண்டறிந்தார்கள். தாய் வழியும் தந்தை வழியும் இல்லாமல், அண்டை வீட்டிலிருந்து இரவல் வாங்கியதைப் போல. சில பெரணிகளின் இதயத் தகடுகளுக்குள் பேச்சும் உண்டு. முதலில் முற்றிய தகடு ஒரு வேதிப்பொருளைக் கசியவிடும். அக்கம்பக்கத்தில் பின்னால் முளைத்தவை அதை உணர்ந்து ஆணாகிவிடும். குரோமோசோம் எண்ணிக்கையைப் பெருமையாக நினைப்பவர்களுக்கு ஒன்று: நமக்கு 46. ஓபியோகிளாசம் ரெடிகுலேட்டம் என்ற, ஒரே ஒரு சின்ன இலையுள்ள பெரணிக்கு 1260.

கிரகட்டாவ் எரிமலை 1883-இல் வெடித்தபோது தீவில் எஞ்சிய பகுதி முழுவதும் சாம்பலுக்கு அடியில் போயிற்று. மூன்று ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்த டச்சுத் தாவரவியலாளர் மெல்கியோர் டிரெயுப், தீவின் உட்பகுதியில் கண்டது பெரும்பாலும் பெரணிகளை. கடல் தாண்டிக் காற்றில் வந்து, சாம்பலில் இறங்கி, முதலில் பச்சை விரித்தவை அவை. உங்கள் மகனிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆயர் ஈத்தாமிலிருந்து, தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் மாணவி: டீச்சர், எனக்கு அறிவியல் திட்டம் செய்ய வேண்டும். விதை இல்லாமல் பெரணியை வீட்டில் வளர்த்துக் காட்ட முடியுமா? எவ்வளவு நாள் ஆகும்?

முடியும் மகளே. ஆனால் பள்ளி விடுமுறைக்குள் முடியாது. நான்கைந்து மாதம் ஆகும். இப்போதே தொடங்கு.

அடிப்பக்கக் கோடுகள் கரும்பழுப்பாகப் பழுத்த ஓர் இலைத்துண்டை எடு. பச்சையாக இருந்தால் இன்னும் முற்றவில்லை. கந்தல் போல வெளிறியிருந்தால் ஸ்போர் ஏற்கெனவே போய்விட்டது. வெள்ளைத் தாளின் மேல் கோடுகள் கீழே பார்க்கும்படி வைத்து, மேலே இன்னொரு தாளை மூடி, மின்விசிறி இல்லாத அறையில் ஓர் இரவு விட்டுவிடு. காலையில் இலையைத் தூக்கினால், அது எப்படிக் கிடந்ததோ அதே கோலத்தில் பழுப்புத் தூள் கிடக்கும். தாளைச் சற்றே சாய்த்து விரலால் தட்டு. கனமான சக்கை வழிந்து ஓடிவிடும், ஒட்டிக்கொண்டு நிற்கும் மெல்லிய தூள்தான் உனக்கு வேண்டும். 1794-இல் ஜமைக்காவிலிருந்த ஜான் லிண்ட்சே என்ற மருத்துவர் இந்தத் தூளைத் தூவி வளர்த்துக் காட்டும் வரை, பெரணி எதிலிருந்து முளைக்கிறது என்பது பெரியவர்களுக்கே பெரும் புதிராக இருந்தது. ஐரோப்பாவில் பெரணிக்குக் கண்ணுக்குத் தெரியாத விதை உண்டு, அதை வைத்திருப்பவர் மறைந்து நடக்கலாம் என்றுகூட நம்பினார்கள்.

இரண்டு பழைய செங்கற்களை ஒரு நாள் ஊறவைத்து, அம்மாவையோ அப்பாவையோ கொதிநீர் ஊற்றித் தரச் சொல். நீ ஊற்றாதே. பூஞ்சணமும் வேறு பாசியும் முந்திக்கொள்ளாமல் இருக்கத்தான் இது. ஆறியதும் ஒவ்வொன்றையும் ஒரு தட்டில் வைத்து இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குக் காய்ச்சி ஆறிய நீர் ஊற்று. தூளைக் கோலப்பொடி தூவுவது போல இல்லாமல், உப்புத் தூவுவதைவிடக் குறைவாகத் தூவு. நெருக்கமாக விழுந்தால் ஒன்றையொன்று நெரிக்கும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடி, வெளிச்சம் வரும் ஆனால் வெயில் படாத ஜன்னலோரம் வை.

இரண்டு மூன்று வாரத்தில் செங்கல் பச்சையாகும். அது ஏமாற்றமாகத்தான் இருக்கும், வெறும் பச்சைப் பூச்சு போலத் தெரியும். தூக்கி எறிந்துவிடாதே, வீட்டில் யாராவது கழுவ வந்தால் தடுத்துவிடு. இரண்டு மூன்று மாதத்தில் இதயங்கள் தெரியும். அப்போது ஒரு செங்கல்லுக்கு மட்டும் வாரம் இரண்டு முறை காய்ச்சி ஆறிய நீரை மேலிருந்து பனிபோலத் தெளி. மற்றதற்குத் தட்டில் மட்டும் ஊற்று. நீந்துவதற்கு மேலே நீர் வேண்டும் என்று மேலே எழுதியிருக்கிறேன் அல்லவா? எதில் முதலில் குட்டி இலை வருகிறது, எதில் அதிகம் வருகிறது என்று எண்ணி எழுது. டப்பாவின் உள்பக்கம் நீர் முத்துக் கட்டி இரண்டாவது செங்கல்லிலும் சொட்டக்கூடும். அப்படி நடந்து வித்தியாசம் வராமல் போனாலும் நீ கண்டதை மாற்றாமல் அப்படியே எழுது.

முதல் இலை பறவைக்கூட்டுப் பெரணியைப் போல இராது. ஒரு சின்னக் கரண்டி போல இருக்கும். தேதியைக் குறித்து ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு. இதழின் முகவரிக்கே அனுப்பலாம். நான் காத்திருக்கிறேன்.